இரும்பில் மூன்று தட்டு

இது நடந்தது 2015 ஆகஸ்டில், நெய்வேலியிலிருந்து மேற்கே ஒரு நாள் ஓட்டத் தூரத்தில், மலை மேல் உள்ள ஒரு தேசியப் பூங்காவில். பூங்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் அங்கே செய்த காரியத்துக்கு இப்போதுகூடக் கூப்பிட்டு அபராதம் போடலாம். நான் சொல்லவந்தது அந்த அபராதத்தைப் பற்றியும் இல்லை.

நான் நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்போது சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை. மண்ணையும் நிலக்கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துகொண்டு ஓடுகிற ரப்பர் பெல்ட் அது. அது ஓடுகிறபோது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு பாஷை உண்டு. பெல்ட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ஓட்டு. மூன்று தட்டினால், ஆள் உள்ளே இருக்கிறேன், எது நடந்தாலும் ஓட்டாதே. வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் முதல் பாடம் இதுதான். தூக்கத்தில் மூன்று தட்டு கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

இன்னொரு பழக்கம். எங்கள் கும்பலில் யாருக்கும் பெயர் கிடையாது, குவார்ட்டர்ஸ் இருக்கும் பிளாக்கின் நம்பர்தான். நான் பதினொண்ணு. என் நண்பர்களில் ஒருவன் இருபத்தொண்ணு, இன்னொருவன் அஞ்சு. ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் ஏறியதும் நம்பரைக் கூப்பிடுவோம். ஒவ்வொருவனும் தன் நம்பரைச் சொல்வான். எல்லா நம்பரும் வந்துவிட்டால் வண்டி கிளம்பும். இப்போது யார் பெயரையும் எழுதாமல் இதைச் சொல்ல அது எனக்கு வசதியாகப் போயிற்று.

நாலாவது ஆளுக்கு நம்பர் இல்லை. அவர் காண்ட்ராக்ட். குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமம், வெல்டிங் வேலை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பன்னிரண்டு வருஷமாக எங்களோடு அதே பெல்ட்டுக்கு அடியில் படுத்துப் பற்ற வைத்தவர். ஆனால் நான் பெர்மனன்ட், அவர் காண்ட்ராக்ட். அதனால் நான் அவரை "யோவ் வெல்டரு" என்பேன், அவர் என்னை "சார்" என்பார். அவர் போவது வேறு வண்டி. அதில் யார் யாரை எண்ணினார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இருபத்தொண்ணுக்கு அப்போது ஒரு பித்து. வெளிநாட்டில் வீட்டையே வண்டிக்குள் கட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிறார்கள் என்று செல்போனில் பார்த்திருக்கிறான். ஏலத்தில் ஒரு பழைய வேனை எடுத்துவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்திவிட்டான். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆங்கிள் இரும்பில் மேலும் கீழுமாக நாலு படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு மேடை, குழாய் வைத்த தண்ணீர் டிரம் எல்லாம் வைத்தோம். வைத்தோம் என்று நான் எழுதுவது பொய். வைத்தது வெல்டர். நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்தார், நாங்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனை சொன்னோம். கடைசி ஞாயிறு கூலி என்ன என்று கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"கூலி கெடக்கட்டும் சார். என்னையும் கூட்டிக்கினு போவீங்களா? நான் மலையே பாத்ததில்லீங்க."

"வரட்டும்டா, வழியில வண்டி உட்டுக்கிச்சுன்னா ஆள் வேணும்ல" என்றான் அஞ்சு. அவர் எதிரிலேயேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது அவர் ஒரு துணிப்பை நிறைய வறுத்த முந்திரி கொண்டுவந்தார். மனைவி வறுத்துக் கொடுத்தது. பின்பக்கம் மேல் படுக்கை அவருக்கு. அதற்கு ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டார். மலை ஏற ஆரம்பித்ததும் அந்தப் பக்கத்து ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்தவர்தான், வளைவுக்கு வளைவு "அப்பாடியோவ்" என்றுகொண்டே வந்தார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. வாந்தி வருவதுபோல இருந்த எனக்கு அப்போது எல்லாமே எரிச்சல்தான்.

பூங்காவின் முதல் செக்போஸ்ட்டில் மூன்றரை மணி இருக்கும். வண்டி நம்பரையும் ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் மட்டும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பதினேழு கிலோமீட்டர், எங்கேயும் நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, அந்தப் பக்கத்து கேட்டில் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஆறு மணிக்கு கேட் மூடிவிடும். அந்தப் பக்கம் ஒரு முகாம் இடத்தில் வண்டியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுவது என்பது எங்கள் திட்டம்.

நாலைந்து கிலோமீட்டர் போனதும் பனிமூட்டம் வந்தது. நெய்வேலியில் மார்கழிப் பனி பார்த்திருக்கிறோம். இது அப்படி இல்லை. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல நின்றது. உள்ளே புகுந்தால் பின்னாலும் அதே வேட்டி. இருபத்தொண்ணு முதல் கியரில் ஊர்ந்தான். ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் சூடேறி, ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினதும் முன்னாலிருந்து புகை கிளம்பியது. நிறுத்தவேண்டியதாயிற்று. எல்லாரும் இறங்கினோம்.

இறங்கினதும் முதலில் தெரிந்தது சத்தம் இல்லாததுதான். நெய்வேலியில் எந்த நேரமும் எங்கேயோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட், பாய்லர், ஷிப்ட் வண்டி, சங்கு. அது இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. இங்கே இன்ஜினை நிறுத்தினதும் காதுக்குள் என்னவோ அடைத்ததுபோல ஆயிற்று. தவளைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பாலத்துக்கு அடியில் ஓடை ஓடுகிற சத்தம் லேசாக வந்தது.

தண்ணீர் டிரம்மை அஞ்சு காலையில் குளித்தே தீர்த்துவிட்டிருந்தான். வெல்டர் கேனை எடுத்துக்கொண்டு பாலத்தின் ஓரமாக ஓடைக்கு இறங்கி, ஒரு கேன் தண்ணீர் கொண்டுவந்தார். ஊற்றினோம். அதுவே போதுமானதாக இருந்தது. இருந்தும் நான் சொன்னேன், "இன்னொரு கேன் கொண்டாந்துடுய்யா, போற வழிக்கு ஆவும்."

"தோ வரேன் சார்" என்று அவர் மறுபடி இறங்கினார். பனிமூட்டத்தில் முதலில் கால் மறைந்தது, அப்புறம் கேன், அப்புறம் தலை.

ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தவளைகள் நின்றன. ஒன்றிரண்டாக அடங்கவில்லை. யாரோ ஸ்விட்சை அணைத்ததுபோல எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. பிறகு ஒரு வாடை. மாட்டுக் கொட்டகை வாடைதான், ஆனால் அதைவிடக் கனமானது. இருபத்தொண்ணு என் கையைப் பிடித்தான். பாலத்துப் பக்கம், வெள்ளையான பனிக்குள் ஒரு இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. மரம் என்றுதான் நினைத்தேன். முன்னே அங்கே மரம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. அப்போது அந்த மரம் மூச்சு விட்டது.

எப்படி ஏறினோம் என்று தெரியாது. ஷிப்ட் முடிகிறபோதெல்லாம் பத்து வருஷத்துக்கு மேல் சொன்ன வார்த்தை தானாக வாயில் வந்தது.

"பதினொண்ணு" என்றேன்.

"இருபத்தொண்ணு."

"அஞ்சு, அஞ்சு! எடுறா!"

"எல்லாம் ஆச்சு, எடு" என்றேன் நான்.

வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து இரும்புச் சத்தம் வந்தது. டண், டண், டண். "என்னடா அது?" என்றான் இருபத்தொண்ணு. "சைலன்ஸர் ஆடுது, நீ போ" என்றேன்.

அடுத்த பத்து கிலோமீட்டரில் பயம் தெளிந்து, பயம் சிரிப்பாக மாறி, அஞ்சு ஏறின வேகத்தை இருபத்தொண்ணு நடித்துக் காட்டி, நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பின்னால் திரை அசையாமல் தொங்கியது. "வெல்டரு தூங்கிட்டாருடா, குடுத்துவெச்சவரு" என்றான் அஞ்சு. அவரும் எங்களோடு ஏறிவிட்டார் என்றே அவர்கள் இருவரும் நினைத்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி கேட்டில் ஒரு பெண் வனக்காவலர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், காக்கி உடுப்பின் மேல் ஒரு ஸ்வெட்டர். சீட்டை வாங்கிப் பார்த்தார், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, சீட்டுல நாலு பேருன்னு போட்டிருக்குது. மூணு தலைதான தெரியுது?"

"ஒருத்தரு பின்னாடி தூங்குறாரு மேடம்" என்றான் அஞ்சு.

"எழுப்புங்க, பாத்துக்கறேன்."

நான்தான் போய்த் திரையை விலக்கினேன். போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் முந்திரிப் பை. வேறு ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அந்த அம்மா எங்களைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டவில்லை. சாவடிக்குள் இருந்தவரிடம் கேட்டை இறக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "திருப்புங்க" என்றார்.

"எங்க விட்டீங்க?"

"ஒரு சின்னப் பாலம் மேடம்" என்றேன்.

"இந்த ரோட்டுல ஒன்பது பாலம் இருக்குதுங்க."

மறுபடி அந்த வேட்டிக்குள் போனோம். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. திரும்பி வரும்போது எல்லா வளைவும் ஒரே வளைவாகத் தெரிந்தது, எல்லாப் பாலமும் ஒரே பாலம். எங்களுடையது எது என்று மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னோம். ஒவ்வொரு பாலத்திலும் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தார் அவர். முதல் பாலத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லி மெதுவாக் கூப்பிடுங்க. வேற சத்தம் போட்டா பயந்துக்குவாங்க. சொந்தப் பேருன்னா வருவாங்க. அவங்க பேரு என்னங்க?"

நான் இருபத்தொண்ணைப் பார்த்தேன். அவன் அஞ்சைப் பார்த்தான். அஞ்சு வெளியே பார்த்தான். பன்னிரண்டு வருஷம். அவர் கொண்டுவந்த முந்திரி இன்னும் என் சட்டைப் பையில் நாலு கிடந்தது. செல்போனை எடுத்துத் தேடினேன். அதில் அவரை 'வெல்டர் காண்ட்ராக்ட்' என்று போட்டு வைத்திருந்தேன்.

அந்த அம்மா திரும்பக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஜன்னல் வழியாக "வெல்டரே... வெல்டரே..." என்றேன். அந்தக் காட்டில் அது எனக்கே கேவலமாகக் கேட்டது.

மூன்றாவது பாலத்தில் நான் கூப்பிட்டதும் பதில் வந்தது. பக்கத்துப் புதரிலிருந்து ஒரு ஆள் தொண்டையைச் செருமுகிற சத்தம். நான் கதவைத் திறக்கப் போனேன். அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "அது ஆள் இல்லீங்க" என்றார். எது என்று சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நகர்ந்தோம். அஞ்சு முருகா முருகா என்று முணுமுணுக்க ஆரம்பித்தான்.

ஆறாவது பாலத்தில் இன்ஜினை நிறுத்தினதும் எனக்குக் கேட்டது.

டண். டண். டண்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி, டண், டண், டண். அவசரம் இல்லாமல், பலமும் இல்லாமல். மணிக்கணக்கில் தட்டிக் கை ஓய்ந்தவன் தட்டுகிற தட்டு. பாலத்துக்கு அடியிலிருந்து வந்தது. ஆள் உள்ளே இருக்கிறேன், ஓட்டாதே.

"அது என்ன சத்தம்?" என்று அந்த அம்மா கேட்டார். இருபத்தொண்ணு ஸ்டீயரிங் மேல் தலையை வைத்து அழுதான். நான் வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கி, வண்டியின் முன் பம்பரில் ஒரே ஒரு தட்டு தட்டினேன். நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம்.

கீழே சத்தம் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் முதலில் தலை வந்தது, அப்புறம் கேன், அப்புறம் கால். உடம்பெல்லாம் சேறு. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில், எந்நேரமும் பின் பாக்கெட்டில் செருகி வைத்திருக்கும் சின்னச் சுத்தியல். இன்னொரு கையில் கேன். அதில் வழிய வழியத் தண்ணீர் இருந்தது.

"கொண்டாந்துட்டேன் சார்" என்றார்.

நான் அந்தக் கேனை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் தண்ணீர் மொண்டு நிமிர்ந்தபோதே அது பாலத்து மேல் வந்து நின்றுவிட்டதாம். மேலே ஏற வழியில்லை. பாலத்தின் கைப்பிடி இரும்புக் குழாய் ஓடைவரை இறங்கியிருந்தது, அதில்தான் தட்டியிருக்கிறார். நாங்கள் போன பிறகும் அது போகவில்லை. தலைக்கு மேல் நின்று மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது என்றார். அந்த அம்மா டார்ச்சை ரோட்டு ஓரச் சேற்றில் அடித்துக் காட்டினார். முறம் அளவுக்கு வட்ட வட்டமாகத் தடங்கள், பாலத்தைச் சுற்றிச் சுற்றி. "ஒத்தை ஆனைங்க. வண்டிச் சத்தத்துக்குத்தான் இப்ப ஒதுங்கியிருக்குது. ஏறுங்க" என்றார்.

வண்டியில் அந்த அம்மா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குக் கொடுத்தார். "உங்க பேரு என்னங்கண்ணா?" என்று கேட்டார். அவர் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன். நல்ல பெயர், சாமி பெயர். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சீட்டை விளக்கில் பிடித்து, எங்கள் தலைகளை விரலால் எண்ணினார். "நாலு. போங்க" என்றார். அபராதம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

முகாமும் சமையலும் யாருக்கும் நினைவே வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை. அவர் இரண்டு கையாலும் கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மற்ற இருவரும் வண்டிக்குப் போன பிறகு, என் பக்கம் திரும்பினார்.

"மூணு தட்டு தட்டுனேனே சார். வண்டி நின்னுக்கினு இருக்கிறப்பவே தட்டுனேன். காதுல வுழலீங்களா?"

"இன்ஜின் சத்தத்துல கேக்கலய்யா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். கேட்டிருந்தா வுட்டுட்டுப் போற ஆளா சார் நீங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு நான் அவரைப் பெயர் சொல்லி, அண்ணே போட்டுக் கூப்பிட ஆரம்பித்தேன். முதலில் கூச்சப்பட்டார், பிறகு பழகிவிட்டது. செல்போனிலும் பெயரை மாற்றினேன். இருபத்தொண்ணு வேனை விற்றுவிட்டான். நம்பர் கூப்பிடுகிற பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம், ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினோம், காண்ட்ராக்ட் வண்டி வரை போய் எண்ணினோம். மற்ற ஷிப்ட்காரர்கள் கிண்டல் செய்தார்கள். எல்லாரும் நான் ரொம்ப மாறிவிட்டேன் என்றார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். அவர் நினைக்க நினைக்க எனக்கு உள்ளே அரித்தது.

அவர் இப்போது வேலையை விட்டு, ஊரில் ஒரு முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். சுரங்கத்தில் இருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகையைப் பிரித்து வாசகர் அனுபவம் வருகிற பக்கத்தை முதலில் படிப்பது அவர் வழக்கம். கண்ணாடியை மூக்கில் இறக்கி, எங்களுக்கும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பார். இன்னமும் படிக்கிறார் என்று அவர் மகன் சொன்னான். அதனால்தான் நேரில் போய்ச் சொல்லத் துணிச்சல் வராத இதை இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, டீக்கடையில் நீங்கள் கேட்டதற்கு நான் சொன்னது பொய். கேட்டது. மூன்றும் கேட்டது. சைலன்ஸர் சத்தம் எது, இரும்பில் ஆள் தட்டுகிற சத்தம் எது என்று பிரித்துச் சொல்லித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன். உயிருக்குப் பயந்து போகச் சொன்னது நான்தான். இன்றைக்கும் எங்கேயாவது யாராவது கதவைத் தட்டினால் நான் எண்ணுகிறேன், மூன்றாவது தட்டு விழுவதற்குள் எழுந்து போய்த் திறந்துவிடுகிறேன்.